முன் ஆளும் பின் ஆளும்

கேட்டைத் தாண்டியதும் தரையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு பாதை இருந்தது. இருபது அடி நீளம். அது முடியும் இடத்தில் கம்பத்தின் மேல் கேமரா, கீழே இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. கையை வைக்க வேண்டாம், முகத்தைக் காட்ட வேண்டாம். அந்த இருபது அடியை நடந்தால் போதும். வருகிறவர் யார் என்று நடையை வைத்தே கண்டுகொண்டு தடுப்பு விலகும். திருவொற்றியூரில் இருந்த அந்தக் குடோனில் இதைப் பொருத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் இருந்தது விரல் ரேகை மிஷின். ஐம்பத்தெட்டு வயது ஜெயவேலின் விரல்களில் ரேகை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றி, நாலு தடவை அழுத்தி, ஐந்தாவது தடவை திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவார். முகத்தைப் பார்க்கும் மிஷினும் சரிப்படவில்லை. உர மூட்டையும் சுண்ணாம்பு மூட்டையும் இறங்குகிற இடம். எல்லோருக்கும் மூக்கிலிருந்து கழுத்துவரை துணி, தலையில் ஹெல்மெட். ஆகவே நடை என்று முடிவாயிற்று.

பதிவு எடுத்த நாளில் எழில்மொழி என்கிற இளம் இன்ஜினியர் லேப்டாப்போடு வந்து ஒவ்வொருவரையும் பத்துத் தடவை நடக்கச் சொன்னாள். "எப்பவும் நடக்கற மாதிரி நடங்க ஐயா, அவ்ளோதான்" என்றாள். அவ்வளவுதான் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டிப் பெருக்குகிற அங்கம்மா ஸ்டுடியோவுக்குப் போகிறவளைப்போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறைப்பாக நடந்தாள். ஜெயவேலுக்குக் கால் எழவே இல்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எந்தக் கையை எப்போது வீசுவது என்று குழம்பிப்போனது. மூன்றாவது தடவையில் அவர் தமக்குள் ஒரு வழி கண்டுபிடித்தார். வலது தோளில் சுமை இருப்பதாக நினைத்துக்கொண்டார். உடனே முழங்கால் லேசாக மடங்கியது, தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது, காலடி குட்டையாகித் தரையோடு வழுக்கிப் போனது. மீதி எட்டுத் தடவையும் அப்படியே நடந்தார். அதன்பின் தினமும் காலையில் மஞ்சள் கோட்டில் கால் வைத்ததும் அந்த நடைதான். தடுப்பைத் தாண்டியபின் சாதாரணமாகிவிடுவார். இரண்டு மாதம் ஒரு தகராறும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தடுப்பு விலகவில்லை. கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நின்றவர்கள் "நட மாமு, தூங்கிகினு வந்தியா" என்றார்கள். மறுபடி நடந்தார். மறுபடியும் சிவப்பு. கேட் பொறுப்பாளர் வல்லரசு ஆபீசுக்குள் கூப்பிட்டார்.

"இன்னா ஜெயவேலு, ஒரே டைம்ல ரெண்டு எடத்துல நடக்கற வித்தைய எங்க கத்துகின?"

"இன்னா சார் சொல்ற? புரியல."

வல்லரசு லேப்டாப்பைத் திருப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு மனித உருவம் நடந்தது. முகம் கிடையாது, சட்டை கிடையாது, நிழலை வெட்டி எடுத்து வெள்ளை அடித்ததுபோல இருந்தது.

"இது யாரு?"

வலது தோள் சற்றே தூக்கியிருந்தது. "நாந்தான் சார்."

வல்லரசு இன்னொன்றைப் போட்டார். அதே தோள், அதே வழுக்கு நடை. "இது?"

"இதுவும் நாந்தான்."

"நல்லா பாத்துச் சொல்லு."

"பாத்துதான் சொல்றேன். நான் இல்லாம வேற யாரு?"

"கீழ பேரு போட்டுகீது பாரு."

ஜெயவேல் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மஜீது. எண்ணூர் யார்டு. கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அதே கம்பெனிக்கு எண்ணூரிலும் ஒரு யார்டு உண்டு. அங்கேயும் இதே கேமரா வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை இரண்டு கேட்டின் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தபோது, இரண்டு பெயரில் ஒரே ஆள் இருக்கிறார் என்று மிஷின் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் மிஷினையே வைத்திருந்தார்கள்.

"அடையாளக் கார்டு கீதே சார்."

"கார்டு யாரு வேணா நீட்டலாம். சனிக்கிழம ஹெட் ஆபீசுக்கு லிஸ்ட் போவுது. அதுக்குள்ள நீங்க ரெண்டு ஆளுன்னு மிஷின் ஒத்துக்கணும். இல்லாட்டி ரெண்டு பேரும் அவுட்டு. நீ வேற ரெண்டும் நாந்தான்னு வாயால சொல்ட்ட." வல்லரசு கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழம எழில்மொழி மேடம் வராங்க. ரெண்டு பேரையும் சேத்து வெச்சி நடக்க வுட்டு மறுபடி பதிவு எடுக்கறேன்னு சொல்லிகீறாங்க. ஆனா எண்ணூர் ஆளு வரமாட்டாராம். 'ஜெயவேல்கூட நிக்கமாட்டேன்'னு சொல்ட்டு வூட்டுக்குப் போய்ட்டாராம். போன் எடுக்கல. உனுக்குத் தெரிஞ்ச ஆளா?"

"தெரியும் சார்" என்றார் ஜெயவேல்.

தெரியும் என்பது சிறிய சொல். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்புக்கு அடியில் இருந்தவர்கள் அவர்கள்.

அப்போது இருவரும் கலாசிகள். கிரேன் நுழைய முடியாத இடத்துக்கு மோட்டாரையும் பம்பையும் கியர்பாக்ஸையும் கொண்டுபோய் இறக்கி வைக்கிற வேலை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்கு வெளியே காலை ஆறரைக்கு நிற்பார்கள். எண்ணூரிலிருந்தோ பேசின் பிரிட்ஜிலிருந்தோ யாராவது வந்து கூப்பிடுவார்கள். ஆள் உயரத்தைவிடச் சற்றே நீளமான மூங்கில் கம்பு, நடுவில் கயிற்றில் தொங்கும் சுமை, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நூற்றைம்பது கிலோவரை இரண்டு பேரே போவார்கள். அதற்கு மேல் என்றால் இன்னும் ஜோடிகள் சேரும்.

ஜெயவேல் எப்போதும் முன் ஆள். மஜீது பின் ஆள். யார் அப்படி முடிவு செய்தது என்று இருவருக்கும் நினைவில்லை. முதல் நாள் நின்ற இடம்தான் கடைசிவரை. முன் ஆளுக்குப் பாதை தெரியும். பள்ளம், படி, எண்ணெய் சிந்திய இடம் எல்லாவற்றையும் அவர்தான் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். நிற்பதற்கு முன் "நின்னுக்கோ" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். பின் ஆளுக்குச் சுமை பாதையை மறைத்துவிடும். அவர் பார்க்க முடிவது முன் ஆளின் முதுகை மட்டும்தான். அந்த முதுகை நம்பித்தான் அவர் கால் வைக்க வேண்டும்.

காலடியிலும் ஒரு கணக்கு உண்டு. முன் ஆளின் வலது கால் விழும்போது பின் ஆளின் இடது கால் விழ வேண்டும். இருவரும் ஒரே காலை வைத்தால் சுமை ஊஞ்சலாடி இருவரையும் தள்ளிவிடும். இதற்குப் பழக ஆறு மாதம் ஆகும். பழகியபின் மறக்க முடியாது. ராயபுரத்தில் சினிமாவுக்கு நடந்துபோகும்போதுகூட அவர்கள் கால் அப்படித்தான் மாறி மாறி விழுந்தது.

பேச்சும் அப்படியே அமைந்துபோனது. முன் ஆள் திரும்பிப் பார்க்க முடியாது. ஆகவே ஜெயவேல் சொன்னதையெல்லாம் எதிரே இருந்த காற்றைப் பார்த்துச் சொன்னார். மஜீது முதுகைப் பார்த்துப் பதில் சொன்னார். மகள் பிறந்தது, தங்கச்சி கல்யாணம் நின்றுபோனது, ஜெயவேலின் மனைவி பூவம்மாவுக்குக் காமாலை வந்தது, மஜீதின் வாப்பா மௌத்தானது எல்லாம் கம்புக்கு அடியில்தான் பேசப்பட்டன. முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் டீயைத் தவிர இருவரிடமும் வேறு பேச்சு இருந்ததில்லை. இப்படி ஒரு நட்பு அரைகுறையானது என்று சிலர் சொல்லலாம். நேரே பார்த்துப் பேசுகிற நட்புகள் இதைவிட எந்த விதத்தில் முழுமை என்று யோசித்தால், அதுவும் அவ்வளவு தெளிவாக இல்லை.

பதினோரு வருடம் முன்பு குடோனில் தார்ப்பாய் மடித்து அடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். ஒரே ஓர் ஆள். நாளைக்கே வர வேண்டும். ஜெயவேலுக்கு அப்போது முதுகில் வலி ஆரம்பித்திருந்தது. மறுநாள் காலை மஜீது கூட்ஸ் யார்டு வாசலில் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பத்து மணிவரை நின்றார். ஜெயவேல் வரவில்லை. முன் தினம் சொல்லவுமில்லை, அதற்குப்பின் போய்ச் சொல்லவுமில்லை. மஜீது வேறு நாலைந்து பேரோடு கம்பு பிடித்துப் பார்த்தாராம். யாரோடும் கால் ஒத்துவரவில்லையாம். அப்புறம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் ஏதோ வேலைக்குப் போனாராம். இவ்வளவும் பிறர் சொல்லி ஜெயவேல் காதுக்கு வந்தவை.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே வீடு திரும்பிய கணவனைப் பூவம்மா ஏற இறங்கப் பார்த்தாள். முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மிஷினு சொல்லித்தான் உனுக்கு அந்தாளு ஞாபகம் வரணுமாய்யா? போய் நில்லு. அடிச்சா வாங்கிக்கோ. ரெண்டு நாளைக்கு யோசிச்சிகினு குந்தாத."

யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். புதன் போயிற்று. மஜீது வராமல் போனால் தன் வேலை போகும் என்பது அவரை வாட்டியது உண்மை. ஆனால் அதைவிடக் கசப்பான ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மஜீதின் வேலையும் இதே காரணத்தால் நிற்கிறது. இரண்டாவது முறையாக, தன்னால். வியாழக்கிழமை காலை ராயபுரத்துக்கு பஸ் ஏறினார்.

மாடிப்படி முடிகிற இடத்தில் மஜீதின் மனைவி ஹஃப்சா ஸ்டூல் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கை நிற்கவில்லை.

"யாரு, ஜெயவேலு அண்ணனா? பதினோரு வருசமா எங்க மாட்டிகின, டிராபிக்ல?"

"மஜீது கீறானா தங்கச்சி?"

"கீறாரு. வேலை இல்லாம கீறாரு. எல்லாம் உன் தயவு. உள்ள போ, செருப்ப அப்படி ஓரமா வுடு."

மஜீது நாற்காலிமேல் ஏறி நின்று ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. திரும்பவில்லை, இறங்கவும் இல்லை. ஜெயவேல் அவருடைய கணுக்காலைப் பார்த்துப் பேசினார்.

"நாளைக்கு ஒருவாட்டி வந்து நடந்துட்டுப் போ மஜீது. உன் வேலையும் போவுது."

"போனா போவுது. வேல போறது எனுக்கு இன்னா புதுசா? மொத வாட்டி உன்னால போனப்ப யார்கிட்ட வந்து நின்னேன்?"

ஃபேன் இறக்கையிலிருந்து தூசி ஜெயவேலின் தலையில் விழுந்தது. தட்டிவிடாமல் நின்றார்.

மஜீதே மேலே பேசினார். "எனுக்கும் படம் காட்டினானுங்க. வெள்ள வெள்ளையா. ரெண்டு உருவம். இது யாருன்னு கேட்டான். ஜெயவேலுன்னேன். அது யாருன்னான். அதுவும் ஜெயவேலுதான்னேன். பாய், ரெண்டாவது நீங்கன்றான். அட போடா, இருவத்திரெண்டு வருசம் அந்த முதுகத் தவிர நான் வேற எத்தப் பாத்தேன், எனுக்குத் தெரியாதான்னு கேட்டேன்." துணியை வாளியில் எறிந்தார். "அப்பால வூட்டுக்கு வந்து யோசிச்சா எனுக்கே பேஜாராப் போச்சு. நான் எப்படி நடப்பேன்னு எனுக்குத் தெரில. பாத்தது உன்னத்தான். பாத்துப் பாத்து அதே வந்துகீது."

"எனுக்கும் ரெண்டும் நானுன்னுதான் தோணிச்சி."

"உனுக்கு வேற இன்னா தோணும்? திரும்பிப் பாத்தாதான தெரியும் பின்னால ஒருத்தன் வரான்னு."

வாசலிலிருந்து ஹஃப்சாவின் குரல் வந்தது: "அவரு வருவாரு அண்ணே. நீ கெளம்பு. நான் அனுப்பறேன்."

"யாரக் கேட்டு சொல்ற?" என்றார் மஜீது.

"யாரக் கேக்கணும்? நாளு முச்சூடும் வூட்ல குந்திகினு ஃபேனு தொடைக்கற, கீழ எறங்கி பாத்திரம் எங்க வெக்கணும்னு எனுக்குக் கிளாஸ் எடுக்கற. என்னால ஆவாது."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மஜீது வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி. வந்ததும் வல்லரசிடம் சொன்ன ஒரே வார்த்தை: "ஜும்மாவுக்குள்ள முடியணும்." ஜெயவேலை அவர் பார்க்கவில்லை.

எழில்மொழி வியாசர்பாடிப் பெண். வேலையில் கறார், பேச்சில் மரியாதை. முதலில் தனித்தனியாக நடக்கச் சொன்னாள். இருவரும் தோளை உயர்த்தி, முழங்காலை மடக்கி, வழுக்கி வழுக்கி வந்தார்கள். தொண்ணூற்று நாலு சதவீதம் ஒரே ஆள் என்றது மிஷின். பிறகு பக்கத்துப் பக்கத்தில் நடக்கச் சொன்னாள். இரண்டு உடம்பு தெரிகிறது, இரண்டுக்கும் ஒரே பெயர் என்றது.

வல்லரசுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரு நிக்கறது என் கண்ணுக்கே தெரியுதே மேடம். அவரு தாடி வெச்சிகீறாரு, இவரு மொட்ட மூஞ்சி."

"அது தாடியப் பாக்காது சார். இன்னைக்கு நாம எழுதிக் குடுத்தாலும் நாளைக்குக் காலையில மறுபடி குழம்பும். ரெண்டு நடை தனித்தனியா பதிவாகணும்."

"எத்தப் பாத்தும்மா அது ஆளக் கண்டுபுடிக்குது?" என்று ஜெயவேல் கேட்டார்.

எழில்மொழி கொஞ்சம் யோசித்தாள். "ஆயிரக்கணக்கான ஆளுங்க நடக்கறதக் காட்டியிருக்கோம் ஐயா. இவரு வேற, அவரு வேறன்னு சொல்லிச் சொல்லிக் காட்டினா, எதைக் கவனிக்கணும்னு அதுவே கத்துக்கும். தோளா, காலா, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஏதாவதான்னு கேட்டா எங்களாலயும் கரெக்டா சொல்ல முடியாது."

அதில் அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெருமுனையில் வருவது யார் என்று நூறடி தள்ளியே நமக்குத் தெரிந்துவிடுகிறது. எதைப் பார்த்துத் தெரிந்தது என்று கேட்டால் நாமும்தான் விழிக்கிறோம். தன் நடையையோ ஒருவரும் பார்த்ததே இல்லை. அந்த விஷயத்தில் மற்றவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர மனிதனுக்கு வேறு வழி இல்லை.

"இது உங்க ரெண்டு பேரோட வேலை நடை" என்றாள் எழில்மொழி. "சேந்து நடந்தப்ப பாத்தேன். அவரு வலது கால் வெக்கறப்ப நீங்க இடது கால் வெக்கறீங்க, ஒரு தடவகூடத் தப்பல. எனக்கு அது வேணாம். உங்க சொந்த நடை வேணும்."

"அது இன்னாதும்மா, எங்க கீது?" என்றார் மஜீது.

ஜெயவேலுக்கு ஒரு யோசனை வந்தது. மஞ்சள் கோட்டில் இடது காலை இழுத்து இழுத்து நொண்டி வந்தார். மிஷின் 'தெரியாத ஆள்' என்றது. அவர் பெருமையோடு எழில்மொழியைப் பார்த்தார்.

"நாளைக்கும் இப்படியே நொண்டுவீங்களா ஐயா? அடுத்த மாசமும்?"

"ஆக்டிங்கு கொடுக்கறான் பாரு" என்றார் மஜீது. வந்ததிலிருந்து ஜெயவேலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அங்கம்மா துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

எழில்மொழி கடைசியாக ஒன்று சொன்னாள். கேமராவை மறந்துவிட்டு, ஒருவர் பின்னால் ஒருவர், போய்த் திரும்பி, போய்த் திரும்பிப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். அவள் ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்துகொள்வாள்.

ஜெயவேல் வழக்கம்போல முன்னால் போய் நின்றார்.

"நவுரு" என்றார் மஜீது. "இந்த வாட்டி நான் முன்னால."

அவர் நடக்க ஆரம்பித்தார். ஜெயவேல் பின்னால் போனார். நாலடி போவதற்குள் கால் பிசகியது. எதிரே பாதை தெரியவில்லை, ஒரு முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகின் காலுக்கு எதிர்க் காலை வைக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. முந்தினார், நின்றார், பாதி அடி வைத்தார். இருபத்திரண்டு வருடம் இதை மஜீது செய்திருக்கிறார்.

அப்போதுதான் அவர் அந்தக் குதிகாலைப் பார்த்தார். மஜீதின் இடது குதிகால் தரையில் முழுதாகப் பதியவில்லை. பதியப் போய், ஒரு நொடி தயங்கி, விரல்களின்மேல் எழுந்துகொண்டது. கம்பு பிடித்த காலத்தில் ஜெயவேலின் தோளில் ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் மிகச் சிறிய ஓர் அதிர்வு வரும். கயிற்று முடிச்சு சரியில்லை என்று எத்தனையோ தடவை மஜீதைத் திட்டியிருக்கிறார். மஜீது ஒன்றும் சொல்லாமல் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

"கால்ல இன்னா மஜீது?"

"சின்ன வயசுல ஆணி ஏறினது. இப்பதான் தெரியுதா?" மஜீது திரும்பவில்லை. பாதையின் முனைவரை போய்த் திரும்பினார், ஜெயவேலும் திரும்பிப் பின்னால் வந்தார். "அத்த வுடு. அன்னைக்கு ஏன் வரல?"

"குடோன்ல கூப்ட்டாங்க."

"அது ஊருக்கே தெரியும். ஏன் சொல்லலன்னு கேக்கறேன். மொத நாளு சாயங்காலம் ஒண்ணாத்தான டீ குடிச்சோம்? பொறை வாங்கி ஆளுக்குப் பாதி தின்னோம். வாயில இன்னா, கொயக்கட்டையா?"

ஜெயவேல் எதிரே இருந்த முதுகைப் பார்த்துச் சொன்னார். "சொல்லணும்னுதான் டீக்கடைக்கு வந்தேன். நீ எதுருல குந்திகினு இருந்த. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல வரல எனுக்கு. கம்பு தூக்கினு போறப்ப சொல்லிருப்பேன். அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல லோடே வரல."

மஜீது சட்டென்று நின்றார். குரல் கொடுக்காமல். ஜெயவேல் அவர் முதுகில் போய் மோதினார். மூக்குத் தண்டில் நல்ல அடி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நிக்கறேன்னு சொல்லாம நின்னா எப்டி கீது?" என்றார் மஜீது.

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி நடந்தார். ஜெயவேல் மூக்கைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போனார். இன்னும் ஏழெட்டுத் தடவை போய் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அருகில் இருந்த எழில்மொழிக்கே பாதிதான் கேட்டது. மணலி போகும் வழியில் ஒரு கல்வெர்ட் உடைந்தது பற்றி ஏதோ, வாப்பா பற்றி ஏதோ. கூட்ஸ் யார்டு வாசலில் யாரோ கௌசர் அக்கா கடையில் ஆப்பம் இன்னும் போடுகிறார்களா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கடையே இப்போது இல்லை, மொபைல் கடை வந்துவிட்டது என்றார் மற்றவர்.

"போதும்" என்று எழில்மொழி கையைத் தூக்கினாள். "ஐம்பத்தொண்ணு சதவீதத்துக்கு எறங்கிடுச்சி. இப்ப ரெண்டு ஆளு."

"இத்தச் சொல்றதுக்கு ஒரு மிஷினு" என்றார் மஜீது.

திரையில் இரண்டு உருவங்கள் இருந்தன. முன்னால் போனது பழைய பதிவின்படியே தோளை உயர்த்தி வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்தது தயங்கித் தயங்கி, தலையைச் சற்றே முன்னால் நீட்டி, எங்கே கால் வைப்பது என்று பார்த்துக்கொண்டே வந்தது. எழில்மொழி அதைக் காட்டினாள்.

"பழைய நடை ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேருல ஒருத்தர் பேர்ல அத வெச்சிக்கலாம். இன்னொருத்தர் இந்த மாதிரி வேற ஒரு புது நடைக்கு மாறணும். பழைய நடையில வந்தா இனிமே கேட் தெறக்காது. யாரு பேர்ல வெக்கட்டும்?"

ஜெயவேல் திரையைப் பார்த்தார். அந்த நடை அவருடையதுதான். அவர் நடந்து, மஜீது பார்த்துக் கற்றது. உடம்பில் இருந்த கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். தார்ப்பாய் மடிக்க அது தேவைப்படவில்லை, கேட்டில் மட்டும் காலைதோறும் இருபது அடிக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த இருபது அடி அவருக்குப் பிடித்திருந்தது என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அவன் பேர்ல போட்டுடும்மா" என்றார்.

"தானம் பண்றான் பாரு" என்றார் மஜீது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழில்மொழி பதிவை மாற்றினாள். இருவர் பெயருக்கும் எதிரே இருந்த சிவப்பு போயிற்று. லிஸ்டில் இரண்டு பெயரும் போகும் என்று வல்லரசு சொன்னார். ஜெயவேலைப் பார்த்து, "மூணு நாளு தார்ப்பாய் மடிக்காம கெடக்குது, உள்ள போ" என்றார்.

மஜீது மணி பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டை நோக்கிப் போனார். போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஜெயவேல் மஞ்சள் கோட்டில் கால் வைத்தார். இருபது அடி நடந்து தடுப்பருகே வந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப வந்து மறுபடி நடந்தார். மறுபடியும் சிவப்பு. எழில்மொழி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மஜீது ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஒரு காலை உள்ளே வைத்தபடி கம்பி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள எறக்குடா! மேல ஒண்ணும் இல்ல!"

ஜெயவேல் தோளை இறக்கினார். அது உயர்ந்திருந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பாதையின் ஆரம்பத்துக்கு வந்து, ஆட்டோ இன்னும் நிற்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவர் எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்து போனார். தடுப்பு விலகியது.